ஐந்நூறுக்கு ஐந்நூறு

ஆக. 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்று நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கமிருந்து. கொடியில் போட்ட வெள்ளைப் புடவையில் மறுபடி கரித்தூள், மறுபடி அலசல். முதல் பீரியடுக்கு நாலு நிமிஷம் லேட். பிரின்சிபால் வராண்டாவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

லேபில் பத்து கம்ப்யூட்டரிலும் என் சிமுலேட்டரை, குவாண்டம் கம்ப்யூட்டர் மாதிரி நடந்துகாட்டுகிற புரோகிராமை, ஏற்றி முடித்தாயிற்று. இரண்டு வருஷ வேலை. வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில், சமையலுக்கும் பேப்பர் திருத்தலுக்கும் நடுவே எழுதினது. 'கேட்' என்பது நிலையை மாற்றுகிற ஒரு படி, ஒவ்வொன்றும் திரையில் ஒரு சின்னப் பெட்டி. இழுத்துக் கோட்டின் மேல் வைக்கணும். எக்ஸ் கேட் வைத்தால் பூஜ்யம் ஒன்றாகும். ஹெச் கேட் வைத்தால் இரண்டும் கலந்த நிலை. கடைசியில் 'அள' என்று ஒரு பட்டன். அழுத்தினால் ஆயிரம் தடவை அளந்து, பூஜ்யம் எத்தனை, ஒன்று எத்தனை என்று சொல்லும்.

வீட்டில் இருபத்தாறு க்யூபிட், அதாவது குவாண்டம் பிட், வரை ஓட்டியிருக்கிறேன். ஒன்று கூட்டினால் மெமரி இரண்டு மடங்கு கேட்கிறது. இருபத்தேழில் அப்படியே உறைந்துபோய், ஸ்விட்சை அணைத்துத்தான் மீட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு போதும்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஹெச் கேட். ஒரு மெஷினில் 507, 493. பக்கத்தில் 489, 511. உடனே புலம்பல். ரீடிங் சரியா வரலை மிஸ், மெஷின் மாத்திக்கட்டுமா மிஸ். பாதிக்குப் பாதி என்றால் பாதிக்குப் பக்கத்தில்தான் வரும், ஆயிரம் தடவை காசு சுண்டினால் சரியாக ஐந்நூறு தலை விழுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்கள். நம்பவில்லை.

செய்ய வேண்டியவை:
— வீட்டுக்காரர் ரிடையர்மென்ட் ஃபாரம் ஜெராக்ஸ், 3 செட்
— அட்டைப் பெட்டி, மளிகைக் கடையில் ஞாபகப்படுத்த
— 12-ந்தேதி டெமோ. ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க
— மாவு

12-ந்தேதி பள்ளியை நடத்துகிற சுரங்கக் கம்பெனியின் கமிட்டி வருகிறது. ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட் நான். இயற்பியலில் ஒரே ஒரு பர்மனென்ட் இடம். அன்றைக்கு லேபில் காட்டுவதை வைத்து முடிவு. அவருக்கு இந்த மாதக் கடைசியோடு சர்வீஸ் முடிகிறது. நான் பர்மனென்ட் ஆனால் கம்பெனி க்வார்ட்டர்ஸ் என் பேருக்கு மாறும். இல்லையென்றால் காலி பண்ணணும். இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற வீடு. எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அட்டைப் பெட்டி மட்டும் சேர்க்கிறோம்.

ஆக. 5, செவ்வாய்

அப்சர்வேஷன் நோட்டு திருத்தினேன். முப்பத்திரண்டு பேர். முப்பத்தோரு பேர் 500, 500 என்று எழுதியிருக்கிறார்கள். மெஷின் என்ன சொன்னது என்று ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. பெண்டுலம் பரிசோதனையில் புவியீர்ப்பு 9.8 வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பழகினவர்கள். பழக்கினது நாங்கள். பிராக்டிகலில் ரீடிங் தப்பினால் மார்க் போகும், அதனால் விடையைப் பார்த்து ரீடிங் எழுது. வருஷா வருஷம் இதுதான். நானும் கண்டுகொள்ளாமல் டிக் போட்டவள்தான்.

கயல்விழி மட்டும் வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறாள். பத்து தடவை அளந்து பத்தையும். 488, 509, 497, இப்படி. கீழே பென்சிலில்: 'ஒரு தடவைகூட 500 வரவில்லை. என் தவறா?'

வளையமாதேவியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். நிலம் சுரங்கத்துக்குப் போன குடும்பம். அப்பா ஏழுமலை காண்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் பக்கம் கரி அள்ளுகிறார். கம்ப்யூட்டர் வீட்டில் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபில்தான் இருப்பாள்.

கூப்பிட்டுச் சொன்னேன். வந்ததை எழுதினதுதான் சரி, மற்ற முப்பத்தோரு பேரும் தப்பு. யார் சொன்னாலும் மாற்றாதே என்றேன். அவள் சிரித்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் அது அடிக்கடி வருவதில்லை.

ஆக. 7, வியாழன்

வெயில். பிரின்சிபால் அறைக்கு அழைப்பு.

கமிட்டித் தலைவர் போன மாதம் லேபுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா என்றார். மறக்குமா. அனல் மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் பார்த்து ரிடையர் ஆனவர். அப்போது ஒரு மெஷினில் மட்டும் ஏற்றியிருந்தேன். 'அள' பட்டனை மூன்று தடவை அழுத்தினார், மூன்று வெவ்வேறு எண் வந்தது. எங்க பிளான்ட்டில் ஒரு மீட்டர் இப்படிக் காட்டினால் பழுது என்று டேக் கட்டிக் கழற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் காரில் ஏறிவிட்டார்.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. என் பக்கம்தான் பேசினார். "மேடம், சயின்ஸ் எனக்குத் தெரியாது. அவர் அழுத்தினா ஒரே மாதிரி வரணும். அவ்வளவுதான். வர வச்சுடுங்க."

வீட்டில் அவரிடம் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திநாலு வருஷம் இருந்த மனுஷர். மீட்டர் ஆடினால் தப்புதானே என்றார் அவரும். இது மீட்டர் இல்லை, இயற்கையே ஆடுகிறது என்றேன். ஆடட்டும், 12-ந்தேதி மட்டும் ஆடாமல் இருக்கச் சொல்லு என்றார். சிரிப்பு வந்தது. அப்புறம் பீரோவின் மேல் தட்டைக் காலி பண்ணினோம். அவர் இறக்கினார், நான் துடைத்தேன். கல்யாண ஆல்பத்தின் மேல் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல்.

ஆக. 9, சனி

செய்துவிட்டேன்.

எப்படி என்று எழுதி வைக்கிறேன். அப்புறம் எனக்கே நான் வேறு கதை சொல்லிக்கொள்ளக் கூடாது. கம்ப்யூட்டர் தற்செயலாக எண்ணைப் பொறுக்குவதில்லை, ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டுத்தான் பொறுக்குகிறது. தொடக்க எண் ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் முடிவும் மாறும். அதை ஒரே எண்ணாகக் கட்டிப்போட்டுவிட்டால் எத்தனை தடவை அழுத்தினாலும் அதே முடிவு. நிரலைச் சரிபார்க்கிறபோது எல்லோரும் கட்டிப்போடுவதுதான். சரிபார்த்ததும் எடுத்துவிட வேண்டும்.

நான் காலையில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். 1-க்கு 512. 2-க்கு 491. இட்லி வெந்துகொண்டிருந்தது. முப்பத்தேழில் வந்தது. 500, 500. மறுபடி அழுத்தினேன். 500, 500. திரையில் பச்சை எழுத்தில், அழகாக, பிராக்டிகல் நோட்டில் இருக்கிற மாதிரியே.

அந்த ஒரு வரியை 'அள' பட்டனுக்குள் வைத்து, மதியம் பள்ளிக்குப் போய்ப் பத்து மெஷினிலும் போட்டேன். வாட்ச்மேன் லீவு நாள்லயும் வேலையா மேடம் என்றார்.

அருவருப்பாக இருக்கிறது. நிம்மதியாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று கேட்டால் நிம்மதிதான்.

ஆக. 11, திங்கள்

தூறல். ரோட்டில் கரிச்சேறு.

கயல் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்நூறைப் பார்த்து இல்லை. அதற்குக் கீழே முதல் இருபது அளவீட்டைத் தனித்தனியாக ஒரு வரிசையில் காட்டும்படி நான்தான் முன்பு எழுதியிருந்தேன், பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று. அந்த வரிசை மூன்று மெஷினிலும் ஒரே மாதிரி இருந்தது. மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, புரோகிராமையும் திறந்து பார்த்துவிட்டு ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தாள்.

"மிஸ், யாரோ தொடக்க எண்ணைக் கட்டிப் போட்டுட்டாங்க. 37-னு இருக்குது. நான் எடுத்துடட்டா?"

வேண்டாம் என்றேன். நாளைக்கு ஒரு நாள் இருக்கட்டும். நான்தான் போட்டேன். கமிட்டி வருது.

நோட்டை மூடினாள். நான் விடைத்தாளைப் புரட்டினேன். வந்ததை எழுது என்று போன செவ்வாய் சொன்னதை அவள் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் திட்டுவதற்குத் தயாராகக்கூட இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"பர்மனென்ட்டுக்கா மிஸ்?"

ஆமாம் என்றேன். சரி மிஸ் என்று போய்விட்டாள். எங்கள் பள்ளியில் எந்த டீச்சர் காண்ட்ராக்ட் என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

நாளைக்கு: நீலப் புடவை. பென் டிரைவ். தலைவலி மாத்திரை.

ஆக. 12, செவ்வாய்

பதினொன்றரைக்கு வந்தார்கள். பிரின்சிபால், தலைவர், கூட வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை. இந்த அம்மா வருவார் என்று யாரும் சொல்லவில்லை. இயற்பியல். காலாண்டு லீவில் அவர் கல்லூரியில் பத்து நாள் முகாம், குவாண்டம் கம்ப்யூட்டிங், தங்கிப் படிப்பது. எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரை எடுக்கப்போகிறாராம். பிரின்சிபால் கயல் பேரைத்தான் சொல்லி வைத்திருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை யார் என்று முன்பு அவர் கேட்டபோது நான் கொடுத்த பேர்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்தேன். நன்றாகவே பேசினேன். தலைவர் ஒரு மெஷினில் அழுத்தினார். 500, 500. இன்னொன்றில். 500, 500. முகம் மலர்ந்துவிட்டது. இப்பதான் மெஷின் மாதிரி இருக்கு என்றார்.

பேராசிரியை கயலின் மெஷினில் குனிந்து ஒரு தடவை அழுத்தினார். இரண்டு. மூன்று. பக்கத்து மெஷினுக்குப் போனார். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார், இது எப்படி எல்லாத்துலயும் சரியா ஐந்நூறு என்று.

வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை.

கயல் எழுந்தாள்.

"என் தப்பு மேடம். நேத்து செக் பண்றதுக்குத் தொடக்க எண்ணைக் கட்டிப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். பத்து மெஷின்லயும் நான்தான் காப்பி போட்டேன்."

பேராசிரியை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்க கவனிக்கலையா என்றார்.

கவனிக்கலை மேடம் என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அவ்வளவு நேரம் வராத பேச்சு அப்போது வந்தது.

அந்த வரியை எடுத்துக் காட்டச் சொன்னார். எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனாலும் தேடுவதுபோல் மேலும் கீழும் ஸ்க்ரோல் பண்ணினேன். எடுத்தேன், அழுத்தினேன். 494, 506. பேராசிரியைக்குத் திருப்தி. இப்படி ஆடுகிறதுதான் சரி என்று தலைவருக்கு அவரே விளக்கினார், காசு சுண்டுவது, எல்லாம், நான் சொல்ல நினைத்ததையெல்லாம். தலைவர் ஆங் ஆங் என்று கேட்டுக்கொண்டார். நல்ல புரோகிராம், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இவ்வளவு செய்திருக்கீங்களே என்று என்னைப் பாராட்டினார் அந்த அம்மா.

நான் ஒன்றுமே தொடாமல் விட்டிருந்தாலே போதும். ஒன்றுமே.

போகும்போது கயலிடம், சோதனையில் இவ்வளவு அஜாக்கிரதை கூடாதும்மா என்றார். அன்பாகத்தான் சொன்னார். கயல் சரி மேடம் என்றாள். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக. 13, புதன்

முகாமுக்கு வேறு பெயர். பி பிரிவு ஹரிணி. நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கயலுக்குப் பள்ளி வழக்கப்படி: மன்னிப்புக் கடிதம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரணும், அப்பா கையெழுத்து, பாட டீச்சர் கையெழுத்து. வந்தவர்கள் முன்னால் பள்ளி மானத்தை வாங்கிவிட்டாளாம். பிரின்சிபால் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் சொன்னார், பாவம் மேடம்தான் அந்த நேரத்துல சமாளிச்சாங்க என்று. டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஆக. 14, வியாழன்

மதியம் லேபில் அவளைத் தேடினேன். இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு எது.

"உங்களுக்கு வாய் வரலை மிஸ். எங்கப்பா சூப்பர்வைசர் முன்னாடி இப்படித்தான் நின்னுகினு இருப்பாரு."

முகாம் போய்விட்டதே என்றேன். அது இவ்ளோ பெருசா ஆவும்னு தெரியலை மிஸ் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். போகிறவளிடம் அப்பா எப்போது வருவார் என்றேன். நைட் ஷிப்டுக்கு மாறினதும் என்றாள்.

காய்ந்த துணி மடிக்கவில்லை.

ஆக. 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய். வெயிலில் இரண்டு பிள்ளைகள் மயக்கம். கயல் வரவில்லை.

ஆக. 18, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. பர்மனென்ட்.

பிரின்சிபால் தன் கையாலேயே கொடுத்தார். ஸ்டாஃப் ரூமில் கை தட்டினார்கள். அவருக்குப் போன் பண்ணினேன், ஒர்க்‌ஷாப் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை, மூன்று தடவை சொன்னேன். சாயந்திரம் வந்து பார்த்தால் மனுஷர் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் விசில் அடித்துக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

ஆக. 19, செவ்வாய்

காலையில் காபியோடு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒரே கேள்வி. இப்ப சொன்னா ஆர்டர் நிக்குமா?

நிற்காது என்று நினைக்கிறேன் என்றேன்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சொல்றதுன்னா சொல்லிடு, பெட்டியெல்லாம் இன்னும் கிழிக்கலை என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பார்வையாளர் பதிவேட்டில் பேராசிரியையின் போன் நம்பர் இருக்கிறது. குறித்துக்கொண்டேன். முகாமுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நாளை முதல் பீரியடுக்கு முன் பிரின்சிபாலிடம் சொல்கிறேன், பிறகு அந்த அம்மாவுக்குப் போன். நான்தான் போட்டேன், அந்தப் பெண் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். இரண்டு வரி. பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும், அத்தனை தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆக. 20, புதன்

மேகம். மழை இல்லை.

எட்டேகாலுக்கே போனேன். பிரின்சிபால் அறை வாசலில் பெஞ்சில் கயல், பக்கத்தில் ஒருவர். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். முகம் கழுவியிருந்தார், கழுத்து மடிப்பிலும் காது ஓரத்திலும் கரி அப்படியே. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏழுமலைங்க, கயலு அப்பா.

உட்காருங்க என்றேன். உட்காரவில்லை. பிரின்சிபால் உள்ளேயிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டார், மேடம் நீங்களும் வாங்க, உங்க கையெழுத்தும் வேணும்.

மேஜை மேல் கடிதம். கயலின் கையெழுத்து. 'என் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்திருந்தாள். ஏழுமலை படித்துப் பார்க்கவில்லை. எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டு, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பேனாவைத் துண்டில் துடைத்துத் திருப்பி வைத்தார். அப்புறம் பிரின்சிபாலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா பண்ண தப்பால உங்களுக்குக் கெடைக்க வேண்டியது போயிருக்குமாமே மேடம். கயலு வூட்ல அழுதுகினே சொல்லிச்சி. ஆர்டரு வந்துடுச்சின்னு இப்பதான் சாரு சொன்னாரு. எனக்கு உசிரு வந்துச்சிங்க. எங்களுக்குத்தான் பர்மனென்ட்டு ஆவலை, உங்களுக்காவது ஆச்சே. மனசுல வச்சிக்காதீங்க, மன்னிச்சிடுங்க."

கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த இரண்டு வரியும் நாக்கில்தான் இருந்தது. கயல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரின்சிபால் பேனாவை என் பக்கம் தள்ளினார், முதல் பெல் அடித்துவிட்டது மேடம் என்றார்.

பரவாயில்லைங்க, சின்னப் பொண்ணுதானே என்றேன். கையெழுத்துப் போட்டேன்.